கறுப்புக் கல்லில் சிரிக்கும் நெவென்கா

கல்லறைக் கல் செதுக்கும் மிலுட்டினிடமிருந்து போன் வந்தபோது நெவென்கா கொல்லைப்புறத்தில் பீப்பாயில் முட்டைக்கோஸ் அடுக்கி உப்புத் தூவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

“அக்கா, உங்க முகத்தை முடிச்சாச்சு. வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போங்க. கன்னத்துல குழி விழுமா விழாதான்னு போட்டோவுல சரியா தெரியல.”

“எந்த முகத்தை?”

“உங்க முகத்தைத்தான். கல்லுல, அண்ணன் பக்கத்துல. உங்க பையன் ஓக்னென்தான் வியன்னாலேர்ந்து சொன்னான். உங்களுக்குத் தெரியாதா? ஐயய்யோ, ரகசியமா வெச்சிருந்தான் போல. நான்தான் உளறிட்டேனா?”

“வந்து பாக்கறேன்,” என்று சொல்லி வைத்தாள். எவ்வளவு உப்புப் போட்டோம் என்பது மறந்துபோய் மறுபடியும் ஒரு பிடி அள்ளிப் போட்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வீட்டு முட்டைக்கோஸை வாயில் வைக்க முடியாமல் போனது அதனால்தான்.

டிமோக் ஆற்றங்கரை ஊர்களில் புருஷன் செத்தால் அவன் கல்லிலேயே பெண்டாட்டியின் முகத்தையும் பெயரையும் சேர்த்துச் செதுக்கிவிடுவார்கள். பிறந்த வருஷம், ஒரு கோடு, கோட்டுக்கு அப்புறம் வெற்றிடம். மற்றதை அவள் செத்த பிறகு நிரப்பிக்கொள்ளலாம். இதில் அங்கே யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. ஊரில் பாதிப் பெண்கள் தங்கள் முகத்துக்கு முன்னால் தாங்களே பூ வைத்துவிட்டு வந்துதான் மதியச் சமையலைத் தொடங்குகிறார்கள். வயதான காலத்தில் இடம் நிச்சயமாகிவிட்டதே என்று நிம்மதிப்படுகிறவர்களும் உண்டு.

நெவென்கா அந்த ரகம் இல்லை. புருஷன் திஹோமிரைப் புதைத்துவிட்டு வந்த அன்றே அவள் தீர்மானித்துவிட்டாள்: இந்த மனுஷனோடு மண்ணுக்கு மேலே இருந்தது போதும், மண்ணுக்குக் கீழேயும் வேண்டாம். ஆற்றுக்கு அக்கரையில் அவள் அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் இருந்தது. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. “அப்பாவுக்கு மட்டும் கல்லு போடுடா, எனக்கு என்ன இப்ப அவசரம்,” என்று மகனிடம் பட்டும் படாமலும் சொல்லி வைத்தாள். ஓக்னெனும் சரி என்றான். அப்பா விஷயத்தில் அவனுக்கும் பெரிய அக்கறை இல்லை. மீசை முளைத்ததும் வியன்னாவுக்குக் கட்டட வேலைக்கு ஓடியவன், சாவுக்கு வந்தபோதுகூட வாசல் கேட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டு மறுநாள் கிளம்பிவிட்டான்.

எல்லாவற்றையும் கெடுத்தது அந்த நவம்பர் மாதம்.

ஊர் நூலகத்தின் இணையப் பக்கத்தில் ஸ்னெஜானா ஒரு சவாலை ஆரம்பித்தாள். அவள் நூலகத்துக்குப் புதிதாக வந்த பெண். சும்மா இருக்கத் தெரியாது. ‘தினம் ஒரு நினைவு’ என்று பெயர். மாதம் முழுக்கத் தினமும் காலையில் அவள் ஒரு தலைப்புக் கொடுப்பாள். பொழுது சாய்வதற்குள் எழுதிப் போட்டுவிட வேண்டும். ஒரு நாள் விட்டாலும் ஆள் காலி. மாட்டு டாக்டர், பூகோள வாத்தியார், மருந்துக்கடைக்காரர் என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் பெயர் கொடுத்தார்கள். நெவென்காவும் கொடுத்தாள். தபாலாபீஸில் காலமெல்லாம் அடுத்தவர் கடிதங்களுக்கு முத்திரை குத்தி ஓய்வு பெற்றவளை ஒருத்தரும் ஒரு வரி எழுதச் சொன்னதில்லை. “நீங்க எழுதுங்கக்கா, நான் திருத்தித் தரேன்,” என்று ஸ்னெஜானா விடாமல் பிடுங்கி எடுத்ததில் சரி என்றுவிட்டாள்.

முதல் சில நாட்கள் அம்மாவின் ஊரையும் வாத்துகளையும் படகுத்துறையையும் பற்றி எழுதினாள். நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் ‘மழை’ என்று ஒரு தலைப்பு வந்தது.

தபாலாபீஸ் மூடும் நேரம், கொட்டுகிற மழை, எதிர்ச் சாரியில் திஹோமிர் நிற்கிறார். அவளுடைய சாம்பல் நிறக் கோட்டு நனையாமல் இருக்கத் தன் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்து நிற்கிறார். இவ்வளவுதான் எழுதினாள். இது நடந்தது. மத்தியானத்திலிருந்தே அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார் என்பதும், கவுண்டரில் அவள் யார் யாரிடம் சிரித்துப் பேசினாள் என்று எண்ணிக்கொண்டிருந்தார் என்பதும், வீட்டுக்குப் போனதும் அந்தக் கோட்டாலேயே முகத்தில் அடித்துக் கேட்டார் என்பதும்கூட நடந்தவைதான். நூலகத்துப் பக்கத்தில் அதையெல்லாம் யார் எழுதுவார்கள்?

மறுநாள் பொழுது விடிந்தபோது ஊரே அந்தப் பக்கத்தில் இருந்தது. “இப்படியும் ஒரு ஆம்பளையா!” “கொடுத்து வைத்தவர் நீங்கள்.” “கண் கலங்கிவிட்டது, திஹோமிர் அண்ணனுக்கு மண் லேசாக இருக்கட்டும்.” நெவென்காவின் வாழ்க்கையில் அவள் எழுதியதை யாரும் பாராட்டியதில்லை. அவள் வைத்த சூப்பைக்கூட யாரும் பாராட்டியதில்லை. அந்தச் சந்தோஷத்தை மறைப்பானேன்? அன்று கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை தலை வாரிக்கொண்டாள்.

அதற்கப்புறம் வந்த தலைப்பெல்லாம் திஹோமிராகவே போயிற்று. ‘செருப்பு’ என்றால் அவர் வாங்கிக் கொடுத்த மெத்தென்ற வீட்டுச் செருப்பு. வெளியே போகும் செருப்பைத் தபாலாபீஸ் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவர் பூட்டி வைத்தார் என்பது அதில் இல்லை. ‘ஞாயிற்றுக்கிழமை’ என்றால் ஜன்னலோரம் இரண்டு பேரும் காபி குடித்தது. ஜன்னலைத் தாண்டி அவளைப் போகவிடவில்லை என்பது அதில் இல்லை. பொய் என்று ஒரு சொல் கிடையாது. கத்தரிக்கோல் மட்டும்தான் நன்றாக வேலை செய்தது.

மாட்டு டாக்டர் முதல் வாரத்திலேயே நின்றுவிட்டார். மருந்துக்கடைக்காரர் தன் பூனையைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதிவிட்டுக் காணாமல் போனார். மாதம் பாதி ஆகும்போது நெவென்கா ஒருத்திதான் மிச்சம். ரொட்டிக் கடையில் நின்றால் கடைக்காரி கேட்பாள்: “நெவென்காக்கா, இன்னிக்கு என்ன எழுதப் போறீங்க? நேத்து படிச்சுட்டு எங்க வீட்டு ஆளைப் பிடிச்சு நாலு திட்டு திட்டினேன். மனுஷன்னா திஹோமிர் அண்ணன் மாதிரி இருக்கணும்னு சொல்லிட்டேன்.” ஸ்னெஜானா தெருவில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்களும் விட்டுட்டீங்கன்னா நூலகத்துக்கே மானம் போயிடும்க்கா.” இப்படி ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அங்கிருந்து இறங்குவதற்குத்தான் வழி தெரியவில்லை.

வியன்னாவில் ஓக்னெனும் படித்தான். பண்டிகைக்கு மட்டும் போன் செய்கிற பிள்ளை இப்போது தினம் சாயங்காலம் கூப்பிட்டான்.

மிலுட்டினின் பட்டறைக்கு அவள் மறுநாளே போனாள். கறுப்புக் கல், முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று நின்றது. பார்த்தால் முகம் அதிலேயே இருந்தது. உறவுக்காரர் கல்யாணத்தில் எடுத்த போட்டோவைப் பார்த்துச் செதுக்கியிருந்தான். அவள் வாய் திறந்து சிரிக்கிறாள். அவள் தலை திஹோமிரின் தோளில் சாய்ந்திருக்கிறது.

“நான் சாயலையே,” என்றாள்.

“போட்டோவுல தள்ளித் தள்ளி உக்காந்திருந்தீங்க. பாக்க ஒரு மாதிரி இருந்துச்சு. நான்தான் தலையைக் கொஞ்சம் சாச்சு விட்டேன்,” என்றான் மிலுட்டின் பெருமையாக. “கீழே எழுத்தைப் பாத்தீங்களா? உங்க எழுத்துதான். ஓக்னென் போடச் சொன்னான்.”

தங்க நிற எழுத்தில் இருந்தது: ‘தான் நனைந்து என் கோட்டை நனையாமல் கொண்டுவந்தவர்.’ அதற்கு மேலே இரண்டு பெயர்கள், இரண்டுக்கும் பின்னால் திஹோமிரின் குடும்பப் பெயர். திஹோமிர் கொலுபோவிச். நெவென்கா கொலுபோவிச். இரண்டாவது பெயருக்குக் கீழே பிறந்த வருஷம், கோடு, வெற்றிடம். பக்கத்தில் இருந்த பாதி செதுக்கிய கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“மிலுட்டின், இதை எடுத்துட முடியுமா?”

“எதை, கன்னக் குழியையா?”

“முகத்தை.”

சிரிக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். “அக்கா, உயிரோட இருக்கறவங்க முகத்தைச் செதுக்கினா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க. செதுக்கினதை அழிச்சா… வேணாம், அதை என் வாயால சொல்ல மாட்டேன். எங்கப்பா கை அதைச் செஞ்சதில்ல, என் கையும் செய்யாது. அண்ணனோட முதல் வருஷத் திவசத்துக்குள்ள நட்டுடணும்னு ஓக்னென் கண்டிஷனா சொல்லியிருக்கான்.”

வீட்டுக்கு வந்தால், சேதி அதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. திஹோமிரின் தங்கை லுபிங்கா பக்கத்து வீடு. எந்த விஷயமானாலும் அவளுக்குத்தான் முதலில் மூக்கில் வேர்க்கும். நெவென்காவின் அடுப்பிலேயே காபி போட்டு இரண்டு கிண்ணத்தில் ஊற்றி வைத்திருந்தாள்.

“அதிர்ஷ்டக்காரி அண்ணி நீங்க. இந்த மாதிரி கல்லு இந்தக் கல்லறைத் தோட்டத்துலேயே கிடையாதாம். என் பிள்ளைங்களும் இருக்குதுங்களே!”

“லுபிங்கா,” என்றாள் நெவென்கா. “இந்த வீட்ல நான் எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியாதா?”

லுபிங்கா காபியை ஓர் உறிஞ்சு உறிஞ்சினாள். “தெரியாம என்ன? சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருந்தேன்.”

“அப்ப ஏன் இப்படிப் பேசற?”

“எழுதினது நானா, நீங்களா? எங்க அண்ணன் பொல்லாதவன்னு ஊருக்கே தெரியும். ஊர் மறந்துடுச்சு, ஏன்னா நீங்க மறக்க வெச்சீங்க. அவனை நல்லவனாக்கினது நான் இல்ல. இப்ப பக்கத்துல படுக்க மாட்டேன்னா எப்படி? சிரிக்க மாட்டாங்க?”

லுபிங்காவின் நாக்கு எப்போதும் அப்படித்தான். இந்தத் தடவை அது சொன்னதில் தப்பும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

அன்று சாயங்காலம் ஓக்னெனிடம் சொல்லிவிடுவது என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்தாள். அவனே முந்திக்கொண்டான்.

“மிலுட்டின் உளறிட்டானாமே? பரவாயில்ல விடு. அம்மா, திவசத்துக்கு சபீனாவையும் குட்டியையும் கூட்டிட்டு வரேன். குட்டிக்கு அந்த வீட்டைக் காட்டணும். நான் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கறதில்லைன்னு இருந்தேன், உனக்கே தெரியும். நீ எழுதறதைப் படிச்சப்புறம்… அப்பாவை நான் தப்பாவே பாத்துட்டேனோன்னு இருக்கு. இப்பெல்லாம் ராத்திரி நல்லா தூக்கம் வருதும்மா.”

அவள் வாயைத் திறந்தாள். “சாப்பிட்டியாடா?” என்பதுதான் வந்தது.

மகனுக்குத் தூக்கம் வருகிறது. பேத்தி வருகிறாள். அதற்கு விலை, தான் அந்த ஆளின் தோளில் சாய்ந்து சிரித்தபடி என்றென்றைக்கும் கிடப்பது. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? அவளைக் கட்டிப்போட்டது திஹோமிர்கூட இல்லை; அவர் செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவளே தினம் ஒரு முழம் கயிறு திரித்துத் தன்னைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறமும் சில நாட்கள் எழுதினாள். ‘பாட்டு’ என்று தலைப்பு வந்தது, அவர் பாடியதை எழுதினாள். ‘ரொட்டி’ என்று வந்தது, அதையும் எழுதினாள். எழுதிவிட்டு ஒவ்வொரு நாளும் போனைக் கவிழ்த்து வைத்து, அது ஏதோ அவளைப் பார்த்துக்கொண்டிருப்பது போல, அதன்மேல் துணியைப் போட்டு மூடினாள்.

கடைசி நாளுக்குத் தலைப்பு இல்லை. இஷ்டப்பட்டதை எழுதலாம் என்றாள் ஸ்னெஜானா. அதற்கு முந்தின நாள்தான் மிலுட்டின் ஆட்களோடு போய்க் கல்லை நட்டுவிட்டு, போட்டோவும் அனுப்பியிருந்தான். காலை வெயிலில் கல்லில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நெவென்கா அந்தப் போட்டோவை வெகு நேரம் பார்த்தாள். பிறகு சமையலறை மேஜையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால், ஒரு தடவைகூட நிறுத்தாமல் எழுதினாள்.

திஹோமிர் வெளியே போகும்போது வீட்டை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போவார் என்று எழுதினாள். திருட்டுப் பயம் என்று காரணம் சொல்வார். ஒரு பனிக்காலத்தில் ஓக்னெனுக்குக் காதுவலி. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த வயசு. ஜுரத்தில் உடம்பு கொதித்தது. திஹோமிர் பூட்டிவிட்டுச் சாராயக்கடைக்குப் போயிருந்தார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். லுபிங்கா வந்தாள், ‘சாவி அண்ணன்கிட்ட இருக்கு, நான் என்ன செய்ய முடியும்’ என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை அழுது அழுது ஓய்ந்தது. விடிந்துதான் திஹோமிர் வந்தார். ஓக்னெனுக்கு இடது காது கேட்காமல் போனது அதனால்தான். இந்தத் தடவை கத்தரிக்கோல் வைக்கவில்லை. கடைசி வரியாக, ‘அந்தக் கல்லுக்குக் கீழே என்னைப் படுக்க வைக்காதீர்கள்’ என்று எழுதி அனுப்பிவிட்டு, போய்க் கோழிக்குத் தீனி போட்டாள்.

ஊர் படித்தது. படித்துவிட்டு ஊர் என்ன எழுதியது தெரியுமா? “பாவம், அந்தக் காலத்தில் டாக்டர் வசதி ஏது.” “மனைவியைத் தனியாக விட்டுப் போகப் பயந்து பூட்டியிருக்கிறார், அவ்வளவு பிரியம்!” “இந்தக் காலத்து ஆம்பளைகள் வீட்டை மறந்து திறந்து போட்டுவிட்டுப் போகிறார்கள்.” “பக்கத்தில் படுக்கவும் மனசு வரவில்லை, துக்கம் அப்படி. நெவென்காக்கா, தைரியமாக இருங்கள்.” ஸ்னெஜானா பூக்கொத்தும் பாராட்டுப் பத்திரமும் கொண்டுவந்து கொடுத்து, கடைசிக் கட்டுரைதான் எல்லாவற்றிலும் உச்சம் என்றாள். நெவென்கா அவளை வெறித்துப் பார்த்தாள். இத்தனை காலம் கழித்து ஜன்னலைத் திறந்து மறுபடியும் கத்தியாயிற்று, தெருவில் நின்றவர்கள் கைதட்டிவிட்டுப் போகிறார்கள்.

சரியாகப் புரிந்துகொண்டவள் லுபிங்கா ஒருத்திதான். “என்னை எதுக்கு இழுத்தீங்க அண்ணி? திவசத்தன்னிக்கு ஊருக்கே நான்தானே காபி ஊத்தணும்? எந்த முகத்தை வெச்சுக்கிட்டு ஊத்தறது?” என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஓக்னென் ஒன்றும் எழுதவில்லை. அன்று சாயங்காலம் போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மகனுடைய தூக்கத்தைப் பறித்துவிட்டோம் என்று நெவென்கா தன்னையே நொந்துகொண்டாள். கூப்பிடத் துணிச்சல் இல்லை. திவசத்தில் வேகவைத்து எல்லாருக்கும் கொடுக்கும் கோதுமையைப் பொறுக்கிச் சுத்தம் செய்து வைத்துவிட்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திவசத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கார் வந்து நின்றது. ஓக்னென் மட்டும் இறங்கினான்.

“சபீனா? குட்டி?”

“வரல. நான்தான் வேணாம்னுட்டேன்.” உள்ளே வந்தவன் உட்காரவில்லை. கதவின் வெளிப்பக்கம் பழைய பூட்டு மாட்டிய கொண்டியைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“உன் மனசைக் கெடுத்துட்டேனாடா?”

“எனக்குத் தெரியாததையா எழுதின? காது வலிச்சது ஞாபகம் இருக்கு. நீ ஜன்னல்ல நின்னு கத்தினது ஞாபகம் இருக்கு. அத்தை வந்துட்டுப் போனதும் ஞாபகம் இருக்கு.” கொண்டியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான். “நீ மறந்துட்டேன்னு நினைச்சேம்மா. கோட்டு, செருப்பு, காபின்னு எழுதினியே. சரி, அம்மாவே மறந்துட்டா, இனிமே நானும் மறந்துடலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் அந்தக் கல்லு.”

நெவென்கா மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். திஹோமிர் செத்தபோது அந்த வீட்டில் யாரும் அப்படி அழவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு இரண்டு பேரும் மிலுட்டினிடம் போனார்கள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். “பணத்தை வேணா திருப்பித் தரேன் தம்பி, அம்மா முகத்துல கை வெக்கச் சொல்லாதே. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னைத்தான் சொல்லும்.” ஓக்னென் வாதாடவில்லை. காரின் பின்பக்கத்தைத் திறந்து, வியன்னாவில் டைல்ஸ் அறுக்க வைத்திருந்த கை மெஷினை எடுத்தான். மின்கம்பி தேவையில்லாத பேட்டரி மெஷின். அதைக் கொண்டுவரத் தீர்மானித்துத்தான் அவன் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு வந்திருந்தான்.

கல்லறைத் தோட்டத்தில் மறுநாள் திவசக் கூட்டத்துக்காக யாரோ பாதையைப் பெருக்கி வைத்திருந்தார்கள். ஓக்னென் கல்லுக்கு முன்னால் மண்டியிட்டான். மெஷினை ஓட்டிவிட்டு உடனே நிறுத்தினான்.

“அம்மா, நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ.”

“எதுக்கு? என் முகம்தானே. நான் பாக்கறேன்.”

முதலில் கன்னக் குழி போயிற்று. அப்புறம் சிரிப்பு. கறுப்புக் கல்லிலிருந்து சாம்பல் நிறத் தூள் எழுந்து ஓக்னெனின் தலைமுடியிலும் புருவத்திலும் படிந்து, அவனைக் கிழவனாக்கியது. தன் நெற்றி தேய்ந்து போவதை நெவென்கா பார்த்துக்கொண்டே நின்றாள். பயமாகத்தான் இருந்தது. மிலுட்டின் சொல்லாமல் விட்டதை அவளும் அறிவாள். ஆனாலும் திஹோமிரின் தோளில் பாரமில்லாமல் போகப் போக, அவள் கழுத்து ஏதோ உண்மையிலேயே நிமிர்ந்தது போல இருந்தது. பக்கத்துக் கல்லறைக்குப் பூ வைக்க வந்த ரொட்டிக் கடைக்காரி அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, பூவை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். இன்னும் அரை மணியில் ஊருக்கே தெரிந்துவிடும்.

“மோவாய் இன்னும் இருக்குடா.”

“எடுக்கறேன்.” எடுத்தான். “கோட்டுன்னு ஒரு வரி இருக்கே, அது?”

“அது நடந்ததுதான். இருக்கட்டும்.”

ஓக்னென் கையால் தூளைத் துடைத்தான். திஹோமிர் தனியாக, சாம்பல் நிறத் தழும்பு ஒன்றுக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் பிறந்த வருஷமும் கோடும் போய்விட்டன; தங்க எழுத்தில் அவள் பெயர் மட்டும் இன்னும் முழுசாக இருந்தது. ஓக்னென் மெஷினை அதன்மேல் வைக்கப் போனான். நெவென்கா குனிந்து அவன் கையைப் பிடித்தாள்.

“நெவென்காவை மட்டும் எடு.”

“கொலுபோவிச்?”

“அது நான் கொண்டு வந்தது இல்லடா. இங்கேயே கிடக்கட்டும்.”